தொகுதி வரலாற்றின் கடைசிப் பக்கம்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
12 ஜூலை 1987

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

தம்பி கிருபை எழுதுவது. நானும் ஜெயசெல்வியும் ரூத்தும் சுகம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மதினியின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா, இல்லை கஸ்டம்ஸில் வேறு யார் முழங்காலுக்காவது போய்விட்டதா?

அடுத்த வீட்டு மிஸஸ் நோவாக்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எழுபத்தொரு வயது, ஸ்லோவாக்கியக் குடும்பம், கணவர் இல்லை. இருபத்துநான்கு வருஷமாக இந்த வட்டாரத்தில் தன் கட்சிக்கு கமிட்டிவுமன். நம் ஊர் வட்டச் செயலாளர் வேலைதான். ஆனால் கொடி கட்டிய கார் கிடையாது, கூட வர ஆளும் கிடையாது. ஒரு பழைய குடையோடு அவரே வீடு வீடாக நடக்கிறார்.

அந்த அம்மாள் எங்கள் மாநிலச் சட்டசபைத் தொகுதியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழு செருப்புப் பெட்டிகள் நிறையக் குறிப்பட்டைகள். அவர் எழுத்து யாருக்கும் புரிவதில்லை. எனக்குப் புரிகிறது, நான் உங்கள் கையெழுத்தைப் படித்து வளர்ந்தவன் அல்லவா! அதனால் டைப் அடித்துத் தரும் வேலை என் தலையில். எழுபத்து மூன்றில்தான் மாநிலத்தை நாற்பது தொகுதிகளாக வெட்டினார்களாம். எண்பத்தொன்றில் எல்லைக் கோட்டை மாற்றி இழுத்தபோது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தெருக்கள் எங்கள் தொகுதியை விட்டுப் போயின. போலிஷ் சர்ச் தெருவில் பனி அள்ளும் வண்டி வராததால் ஒருவர் தோற்ற கதையும் இருக்கிறது.

நவம்பரில் மாநில செனட்டுக்குத் தேர்தல். தீயணைப்பு நிலைய பிக்னிக்கில் மிஸஸ் நோவாக் என்னை வேட்பாளருக்கு அறிமுகம் செய்தார். "உங்கள் ஆட்கள் இங்கே எத்தனை பேர்?" என்று அந்த வேட்பாளர் கேட்டார். நம் ஊரில் தெருப் பெரியவர்கள் சொல்வது போல நான் சட்டென்று, "நாற்பது ஓட்டு இருக்கிறது" என்றேன். மனிதர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷ அமெரிக்க வாழ்க்கையில் என் கையை அப்படி யாரும் பிடித்ததில்லை, அண்ணன்.

மதினிக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கிருபைராஜ்

பாளையங்கோட்டை
3 ஆகஸ்ட் 1987

அன்புள்ள தம்பி கிருபைக்கு,

அண்ணன் ஐசக் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். தைலம் வந்தது. ஞானமணி அதை எனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். ரூத் தமிழ் பேசுகிறாளா?

உன் கடிதத்தைப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் வாசித்தேன். பதினொரு தேர்தலில் வாக்குச்சாவடியில் பிரிசைடிங் ஆபீசராக உட்கார்ந்தவன் நான். ஒரு வேட்பாளரும் என் கையைப் பிடித்ததில்லை. பிடிக்கவும் கூடாது, அது வேறு.

நாற்பது என்று சொல்லிவிட்டாய். சொன்னால் காட்ட வேண்டும். நாங்கள் வாக்காளர் பட்டியல் எடுப்பது போல் செய். வீடு வீடாகப் போ. அவர்களே எழுதட்டும் என்று தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒன்றும் திரும்பி வராது. நீயே நிரப்பு, கையெழுத்தை மட்டும் வாங்கு. எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கட்டும்.

இங்கே இருபத்தொரு வயதும் ஒரு கதவு எண்ணும் இருந்தால் பட்டியலில் ஏற்றிவிடுவோம். அங்கே ஓட்டுக்கு என்ன தகுதி? எழுது, தெரிந்துகொள்ளலாம்.

ஆசீர்வாதங்களுடன்,
ஐசக்

பிஸ்கட்டவே
20 செப்டம்பர் 1987

பிரியமுள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். ரூத் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நம் தமிழ் கிறிஸ்தவ ஐக்கியத்தின் டெலிபோன் லிஸ்டைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமை அலைந்தேன். பிரியாணி ஒரு வீட்டில், மீன் குழம்பு இன்னொரு வீட்டில். வாஞ்சிநாதன் வீட்டுக்கும் போனேன், ஐக்கியத்துக்கு வெளியே என்றாலும். வாக்காளராகப் பதியும் அட்டைகள் இருபத்தேழு சேர்ந்தன. எல்லாவற்றையும் நானே பெரிய எழுத்தில் நிரப்பினேன். மிஸஸ் நோவாக் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொகுதியின் சரித்திரத்தில் இவ்வளவு சுத்தமான கையெழுத்து வந்ததே இல்லை" என்றார். அவரே கவுண்டி ஆபீசில் கொண்டுபோய்த் தன் பெயரில் கொடுத்துவிட்டு வந்தார்.

வரலாறு நாற்பதாம் பக்கம் வரை வந்துவிட்டது. நம் தெருவே ஒரு காலத்தில் சோளக்கொல்லையாம்.

ஜெயசெல்வி மட்டும் அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்கு அரசியல் பிடிக்காது.

தம்பி,
கிருபை

பிஸ்கட்டவே
8 நவம்பர் 1987

அண்ணன்,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. ஜெயித்துவிட்டோம்! முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம்! முப்பத்தொன்று!

ஓட்டுப் போடும் இடம் ரூத்தின் பள்ளிக்கூட ஜிம். பெரிய இரும்பு மெஷின். ஒரு பிடியை இழுத்தால் பின்னால் திரை மூடிக்கொள்கிறது. உள்ளே சின்னச் சின்ன நெம்புகோல்கள். திரை மூடியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐக்கியத்தில் இருக்கும் நம் ஊர்ப் பால்துரை வெளியே வந்து, "லிஃப்டுக்குள்ள போய்ட்டு வந்த மாதிரி இருக்குல" என்றான்.

செனட்டர் போனில் மிஸஸ் நோவாக்கிடம், "இந்தியர்கள் கைகொடுத்தார்கள்" என்றாராம். அந்த அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதினிக்கு அன்பு.

கிருபை

பாளையங்கோட்டை
2 டிசம்பர் 1987

அன்புள்ள தம்பி கிருபைக்கு,

உன் கடிதம் கண்டு அடைந்த சந்தோஷத்தில் சர்க்கரையை மறந்து அல்வா சாப்பிட்டேன். ஞானமணி இரண்டு நாள் பேசவில்லை.

உன் செய்தியைச் சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் இதழில் வருகிறது. 'நம் சபையின் மைந்தனும் இந்நாள் அமெரிக்கப் பிரஜையுமான திரு. கிருபைராஜ், அந்நாட்டுச் சட்டசபைத் தேர்தலின் முடிவையே மாற்றினார்' என்று தொடங்குகிறது. கொஞ்சம் காரம் சேர்த்திருக்கிறேன், பரவாயில்லை.

நீ பிரஜையான விவரத்தை எழுதவே இல்லையே. சரி, அது போகட்டும். புகைப்படம் ஒன்று அனுப்பு, கோட்டு போட்டு.

ஐசக்

பாளையங்கோட்டை
20 பிப்ரவரி 1988

தம்பி கிருபைக்கு,

நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட இல்லை. முதலமைச்சர் மறைந்து இங்கே கடை இல்லை, பஸ் இல்லை, ஊர் முழுக்க மொட்டைத் தலை. தபாலும் அதில் சிக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பால்துரையின் கடிதம் அவன் அம்மாவுக்கு வந்திருக்கிறது.

உடம்பு சரியில்லையா? வேலையில் ஏதாவதா? ஜெயாவுக்கும் உனக்கும் ஒன்றும் இல்லையே? ஞானமணி தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள். இரண்டு வரி போடு.

அண்ணன்,
ஐசக்

பிஸ்கட்டவே
14 மார்ச் 1988

பிரியமுள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

எல்லோரும் சுகம். கவலைப்பட வேண்டாம். ரூத்துக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இந்த வருஷம் பனி அதிகம். ஆபீசில் ஒரு மருந்தின் சோதனை நடப்பதால் நேரம் கிடைக்கவில்லை.

டைப் அடிக்கும் வேலை கொஞ்சம் நின்றிருக்கிறது. மிஸஸ் நோவாக் நலம். கமிட்டி வேலையை விட்டுவிட்டார். வயதாகிவிட்டது.

பத்திரிகையில் போட வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

கிருபை

பாளையங்கோட்டை
11 ஏப்ரல் 1988

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மனம் ஆறியது. இங்கே சுகம். வெயில்தான் கொல்லுகிறது.

பத்திரிகையில் வந்ததற்கு நீ கூச்சப்படுகிறாய். அப்பாவும் அப்படித்தான், மாலை போட வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆனால் விஷயம் பரவிவிட்டது. பிஷப் கையால் எனக்கு ஒரு வேதாகமம் பரிசு. பால்துரையின் அம்மா ஒரு பிரதியை அவனுக்கு அனுப்பியிருக்கிறார். உங்கள் ஐக்கியத்திலும் இனி உன் மதிப்பு உயரும்.

அந்த அம்மாளின் வரலாறு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும். பள்ளி நூலகத்தில் வைப்பேன். இருபத்துநான்கு வருஷம் இருந்தவர், ஜெயித்த கையோடு ஏன் விட்டார்? யாராவது மனம் நோகச் செய்தார்களா? என் வணக்கத்தைச் சொல்.

ஐசக்

பிஸ்கட்டவே
26 ஜூன் 1988

அண்ணன்,

சுகம் என்று எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. உடம்பு சுகம், அவ்வளவுதான். இதை ஸ்டாஃப் ரூமில் வாசிக்காதீர்கள். மதினிக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் பிரஜை இல்லை. கிரீன் கார்டு வந்தே நான்கு வருஷம்தான் ஆகிறது. ஐந்து வருஷம் ஆகாமல் விண்ணப்பிக்கவே முடியாது. இங்கே ஓட்டுக்கு என்ன தகுதி என்று கேட்டீர்கள். பிரஜையாக இருக்க வேண்டும். நான் நிரப்பிய ஒவ்வொரு அட்டையிலும் அது அச்சடித்திருந்தது, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே.

தெரியாமல் செய்தேன் என்று உங்களிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பால்துரை அன்றைக்கே அதன்மேல் விரலை வைத்தான். "ஏல கிருபை, சிட்டிசன்னு போட்டிருக்கான். நாம சிட்டிசனால?" என்றான். நான், "அதெல்லாம் ஃபார்மாலிட்டில. டாக்ஸ் கட்டுதோம், வீடு இருக்கு. போடு" என்றேன். போட்டான். ஜெயசெல்வி போடாததற்கு அரசியல் காரணம் இல்லை. "அந்த வரி பொய், நான் போடமாட்டேன்" என்றாள். உங்களுக்கு மாற்றி எழுதினேன்.

நாற்பது என்று சொல்லிவிட்டேன் அல்லவா? உண்மையான பிரஜைகளை எண்ணினால் பதினெட்டுதான் வந்தது. பதினெட்டை வைத்துக்கொண்டு அந்த மனிதர் முன் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. என்னையும் சேர்த்து ஒன்பது பேரை இழுத்துவிட்டேன். ஒன்பது பேரும் ஓட்டுப் போட்டோம்.

தோற்ற கட்சி மறு எண்ணிக்கை கேட்டது. புதுப் பெயர்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்பதும் மாட்டிக்கொண்டது. முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம் என்பதால் முடிவு மாறவில்லை. ஆனால் ஒன்பது அட்டைகளையும் நிரப்பியது ஒரே கையின் எழுத்து. கொண்டுவந்து கொடுத்தவர் மிஸஸ் நோவாக். டிசம்பர் பதினேழாம் தேதி அவரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

அவருக்குப் பனியில் கார் ஓட்டப் பயம். நான்தான் ட்ரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கட்டடத்தின் முன்னால் நிறுத்தினேன். இறங்கி, குடையை ஊன்றி, படியேறிப் போனார். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டேன். நாற்பது நிமிஷம்.

திரும்பி வந்தவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "முடிந்தது, போகிற வழியில் பால் வாங்க வேண்டும்" என்றார். பாதி தூரம் வந்த பிறகுதான் சொன்னார். யார் நிரப்பியது என்று கேட்டார்களாம். "நான்தான், சரியாகக் கேட்காமல் நிரப்பிவிட்டேன்" என்றாராம். இந்த வயதுக்கு எழுத்து மிகவும் அழகாக இருக்கிறதே என்றார்களாம். கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தது என்றாராம். என்னைப் பார்த்து, "உனக்குச் சின்னப் பெண் இருக்கிறாள்" என்றார். நான் வாயைத் திறந்து நன்றிகூடச் சொல்லவில்லை. நன்றி சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? பால் வாங்கிக் கொடுத்தேன்.

பதவியை விட வைத்தார்கள். செனட்டர் ஒரு பழக்கூடை அனுப்பினார், அதற்குப் பிறகு போன் இல்லை. கமிட்டிக் கூட்டம் நடக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அவர் வீட்டில் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது.

போன மாதம் பால்துரை உங்கள் சபைப் பத்திரிகையோடு வந்தான். ஜெயாவுக்கும் ரூத்துக்கும் முன்னால் அதை மேஜையில் போட்டான். "ஊர்ல உன்ன சிட்டிசன்னு போட்டிருக்கான். இங்க நான்தான் எழுதினேன்னு கிழவி சொல்லுதா. அப்ப நீ யாருல?" என்றான். ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. நேற்று மிஸஸ் நோவாக் வரலாற்றின் கடைசிக் குறிப்பட்டையை வேலிக்கு மேலே நீட்டினார். அறுபத்தோராம் பக்கம். '1987. முப்பத்தொரு ஓட்டில் வெற்றி. தகுதியில்லாத ஒன்பது பேரைப் பட்டியலில் சேர்த்த தவறு கமிட்டிவுமன் ஹெலன் நோவாக்குடையது. அவர் விலகினார்.' அவ்வளவுதான்.

அதை நான் டைப் அடித்தேன், அண்ணன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். நகரத்து நூலகத்தில் வைக்கப்போகிறார்கள். உங்கள் நூலகத்தில் நீங்களும் வைக்கப்போகிறீர்கள்.

நான் சொன்னால் பிரஜையாக முடியாமல் போகலாம், ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்று வக்கீல் சொல்கிறார். சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். எனக்கு என் கையைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

கிருபை

பாளையங்கோட்டை
22 ஆகஸ்ட் 1988

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் ஜூலை பத்தாம் தேதியே வந்துவிட்டது. ஆறு வாரம் நான் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

எண்பத்து நான்கில் கிரீன் கார்டு வந்ததும் நீ எழுதினாய், இனி ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று. அந்தக் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நான் கணக்கு வாத்தியார். எண்பத்து நாலோடு ஐந்தைக் கூட்டத் தெரியாதவன் இல்லை. டிசம்பரில் பத்திரிகைக்கு எழுதும்போதே பேனா நின்றது. 'பிரஜை' என்று எழுதினால் நன்றாக இருந்தது, எழுதிவிட்டேன். உன்னிடம் ஒரு தரம் கேட்டேன். நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் 'அது போகட்டும்' என்று சேர்த்தேன். பிரிசைடிங் ஆபீசராக எத்தனை பேரை, "உன் பெயர் இதில் இல்லை, வெளியே போ" என்று அனுப்பியிருக்கிறேன்!

போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். என் தம்பி பிரஜை இல்லை, நான் தெரிந்தே தவறாக எழுதினேன் என்றேன். யாருக்கும் அந்தச் செய்தி நினைவிலேயே இல்லை. நான் சொன்ன பிறகுதான் பழைய இதழைத் தேடிப் பிடித்து எல்லோரும் வாசித்தார்கள். வேதாகமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பிஷப் வாங்கிக்கொள்ளவில்லை, வேதாகமத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்கிறார். பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதமாட்டேன். வீடு வீடாகப் போ என்று எழுதியது போதும். நீ ஊருக்கு வரும்படி ஆனால் மாடி அறை காலியாக இருக்கிறது என்று ஞானமணி சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
ஐசக்

பிஸ்கட்டவே
9 நவம்பர் 1988

பிரியமுள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

நாங்கள் மூவரும் இருக்கிறோம். உங்கள் சர்க்கரை என்ன சொல்கிறது?

செப்டம்பரில் கவுண்டி ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அங்கே இருந்த பெண் ஒரு அட்டையை எடுத்து வைத்து, இன்னொரு தாளில் என்னை எழுதச் சொன்னாள். எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மற்ற எட்டுப் பேரும் என் பேச்சை நம்பிப் போட்டவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கு உண்டா, கிரீன் கார்டு தங்குமா என்பது ஜனவரியில் தெரியும். ஜெயா சூட்கேஸ்களைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

மிஸஸ் நோவாக் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. "எழுபது வயதுக்கு மேல் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொன்னேன், அதையும் கெடுத்துவிட்டாய்" என்றார். பிறகு நான் திருத்தி அடித்த அறுபத்தோராம் பக்கத்தைப் பார்த்தார். என் பெயரைப் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு ஆறு வரி எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலால் ஆறு வரியையும் அடித்தார். "பெயர் இருக்கிறதே, போதும்" என்றார். ஒரு பிரதியைக் கப்பல் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வையுங்கள்.

நேற்று இங்கே ஜனாதிபதித் தேர்தல். மிஸஸ் நோவாக்கை ஓட்டுப் போட நான்தான் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடம் லீவு, ரூத்தும் வந்தாள். ஜிம்முக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார்.

"டாடி, ஆர் யூ நாட் கோயிங் இன்?" என்றாள் ரூத்.

"நான் போகக் கூடாதும்மா. போன வருஷம் பொய் சொல்லிப் போனேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "பால்துரை அங்கிள் கேட்டது அதானா?" என்றாள். தமிழில் கேட்டாள், அண்ணன்.

"அதுதான்" என்றேன்.

பின் சீட்டிலிருந்து முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மிஸஸ் நோவாக் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று, வரிசை நீளம். நல்ல குளிர். ஹீட்டரைப் போடத் தோன்றவில்லை.

உங்கள் தம்பி,
கிருபைராஜ்